‘சேமிக்கப்பட்டது’ என்று கணினி சொல்வதை யார் பரிசோதிக்கின்றார்கள்?

காணாமல் ஆக்கப்பட்ட மகனின் புகைப்படம், இடப்பெயர்வில் மூலப்பிரதி தொலைந்துவிட்ட காணி உறுதியின் ஸ்கேன், வயோதிபத் தாயொருவரின் வாக்குமூல ஒலிப்பதிவு என்று யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட எமது குடும்பங்கள் பலவற்றின் முக்கிய ஆவணங்கள் இன்று கடதாசியில் இல்லை. அவை ஒரு பென் டிரைவிலோ, மடிக்கணினியின் வன்தட்டிலோ, ஏதோவொரு அமைப்பின் அலுவலகக் கணினியிலோ இருக்கின்றன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. அதன் பின்னர், ஆவணங்களை மின்வடிவில் பிரதியெடுத்து வைப்பது எமது சமூகத்தில் ஒரு முக்கிய பணியாக வளர்ந்திருக்கின்றது. 2005ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம் அதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம்.

இவ்வாறு பிரதியெடுக்கும்போது நாம் கணினியின் ஒரு சொல்லை நம்புகின்றோம். கோப்பு சேமிக்கப்பட்டுவிட்டது என்று அது சொல்கின்றது. நாம் மூடிவிட்டு எழும்பிப் போகின்றோம். அந்தச் சொல் உண்மையா என்பது, நாம் ஒருபோதும் கண்ணால் காணாத ஒரு சிறிய மென்பொருளில் பெருமளவு தங்கியிருக்கின்றது. அதன் பெயர் சாதனச் செலுத்தி. ‘டிரைவர்’ என்று சொன்னால் பலருக்கும் விளங்கும். வன்தட்டு பிழை விடும்போதும், பதில் சொல்லாமல் உறைந்துபோகும்போதும் இந்தச் செலுத்தி என்ன செய்கின்றது, அது சரியாகச் செய்கின்றதா என்பதை எவ்வாறு பரிசோதிக்கின்றார்கள் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கின்றது.

செலுத்தி செய்யும் வேலை

நாம் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அது நேரடியாகத் தட்டுக்குப் போவதில்லை. முதலில் அது கணினியின் நினைவகத்தில் ஒரு தற்காலிக இடத்தில் வைக்கப்படுகின்றது. அங்கிருந்து, சில விநாடிகள் கழித்து, பணிசெயல் முறைமை அதனைச் செலுத்தியிடம் ஒப்படைக்கின்றது. செலுத்தி அதனைத் தட்டுக்கு விளங்கும் கட்டளையாக மாற்றி அனுப்புகின்றது. “இந்த இடத்தில் இதை எழுது” என்பது கட்டளை. “எழுதிவிட்டேன்” அல்லது “எழுத முடியவில்லை” என்பது தட்டின் பதில். அந்தப் பதிலை வாங்கி மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் செலுத்தியின் பொறுப்பு. பதிவுத் தபாலைக் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்கி வருகின்ற தபால்காரரைப் போன்றது இந்த வேலை.

இதில் இரண்டு விதமான சிக்கல்கள் வரும். முதலாவது, தட்டு “முடியவில்லை” என்று வெளிப்படையாகச் சொல்வது. உதாரணமாக, தட்டின் ஒரு சிறு பகுதி பழுதடைந்து அங்கே இருப்பதை வாசிக்க முடியாமற்போகலாம். இரண்டாவது, தட்டு ஒன்றுமே சொல்லாமல் இருப்பது. இதுதான் கடினமானது. தட்டு இறந்துவிட்டதா, மிக மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கின்றதா, கேபிள் தளர்ந்துவிட்டதா என்று செலுத்திக்குத் தெரியாது. தெரியாத நிலையிலேயே அது முடிவெடுக்க வேண்டும்.

மௌனத்துக்கு என்ன பதில்?

லினக்ஸ் பணிசெயல் முறைமையை எடுத்துக்கொள்வோம். உலகின் பெரும்பாலான சேவையகங்கள் அதில்தான் இயங்குகின்றன. அதன் மூலநிரல் எவரும் வாசிக்கக்கூடியதாகவும் இருக்கின்றது. ‘ஸ்கசி’ வகைச் செலுத்திகளில், வன்தட்டுக்கு அனுப்பிய வாசிப்பு அல்லது எழுத்துக் கட்டளைக்கு வழமையாக 30 விநாடிகள் அவகாசம் கொடுக்கப்படுகின்றது. அதற்குள் பதில் வராவிட்டால் ஒரு படிமுறை ஆரம்பமாகும்.

முதலில் அந்தக் கட்டளையை மட்டும் கைவிடுமாறு தட்டிடம் கேட்கப்படும். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தத் தட்டு மீளமைக்கப்படும், அதாவது ரீசெட் செய்யப்படும். அதுவும் பலிக்காவிட்டால் தட்டு இணைந்திருக்கின்ற முழுப் பாதையும் மீளமைக்கப்படும். கடைசியாக, தட்டுகளைக் கணினியுடன் இணைக்கின்ற கட்டுப்பாட்டு அட்டையே மீளமைக்கப்படும். அப்போதும் தட்டு எழும்பவில்லையென்றால் அதனை இணைப்பிலிருந்து நீக்கிவிட்டு, காத்திருந்த எல்லாக் கட்டளைகளுக்கும் பிழை என்று பதில் கொடுக்கப்படும்.

ஒவ்வொரு படியிலும் ஆபத்து கூடுகின்றது. கட்டுப்பாட்டு அட்டையை மீளமைத்தால், பழுதான தட்டு மட்டுமல்ல, அதே அட்டையில் தொங்கிக்கொண்டிருக்கும் நல்ல தட்டுகளும் சிறிது நேரம் நின்றுபோகும். அவற்றுக்கு அனுப்பப்பட்டுப் பாதி வழியில் இருந்த கட்டளைகள் என்னவாயின என்பதைச் செலுத்தி கணக்கெடுக்க வேண்டும். எதையும் மறந்துவிட்டால் அந்தக் கட்டளைக்காகக் காத்திருக்கும் மென்பொருள் முடிவின்றிக் காத்துக்கொண்டேயிருக்கும். ஒரு கட்டளைக்கு இரண்டு தரம் பதில் கொடுத்தாலும் ஆபத்துத்தான்.

இதைவிட மோசமான ஒரு நிலையும் உண்டு. 30 விநாடிகள் கழிந்துவிட்டன என்று செலுத்தி ஒரு வாசிப்புக் கட்டளையைக் கைவிட்டு, அதற்கென ஒதுக்கியிருந்த நினைவகத்தை வேறொரு வேலைக்குக் கொடுத்துவிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் தட்டு அந்தக் கட்டளையைக் கைவிடவில்லை. 31ஆவது விநாடியில் அது தன்னிடமிருந்த தரவைப் பழைய முகவரிக்கே அனுப்புகின்றது. அங்கே இப்போது இருப்பது வேறொருவருடைய கோப்பு. எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அந்தக் கோப்பு கெட்டுப்போகின்றது. ஆகவே, தட்டு கட்டளையை உண்மையிலேயே கைவிட்டது என்பது உறுதியாகும் வரை நினைவகத்தை விடுவிக்கக்கூடாது என்பது செலுத்தி எழுதுவோர் கடைப்பிடிக்க வேண்டிய முதல் விதிகளில் ஒன்று.

யாரும் நடக்காத பாதை

நல்ல நிலையிலுள்ள ஒரு தட்டில் இந்த மீளமைப்பு நிரல்கள் ஆண்டுக்கணக்கில் ஒருமுறைகூட இயங்காமல் இருக்கலாம். சாதாரணமாக வாசிக்கும், எழுதும் நிரலோ நாளொன்றுக்கு இலட்சக்கணக்கான தடவைகள் இயங்குகின்றது. அதில் பிழையிருந்தால் உடனே தெரிந்துவிடும். பிழையைக் கையாளும் நிரலில் பிழையிருந்தால், அது தெரியவருவது தட்டு பழுதடைகின்ற அன்றைக்குத்தான். அன்றைக்குத்தான் அது சரியாக இருக்க வேண்டும்.

இது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸின் கோப்பு முறைமைகளையும் சேமிப்புச் செலுத்திகளையும் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிழைக்குறியீட்டைத் திருப்பித் தரும் ஓர் அழைப்பின் பதிலை, அழைத்த நிரல் உண்மையில் பார்க்கின்றதா என்பதே அவர்களது கேள்வி. 1,153 இடங்களில், அதாவது ஏறத்தாழ 13 சதவீதமான அழைப்புகளில், வந்த பிழைக்குறியீடு கவனிக்கப்படாமலே கைவிடப்பட்டிருந்தது. கீழேயிருந்து “முடியவில்லை” என்ற பதில் வந்திருக்கின்றது. இடையில் இருந்தவர் அதை மேலே கொண்டுபோகவில்லை. மேலே இருப்பவர் எல்லாம் நன்றாக நடக்கின்றது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். மனுக்களைக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த எமது மக்களுக்கு இது எவ்வாறான நிலை என்று விளக்கத் தேவையில்லை.

வேண்டுமென்றே பழுதாக்கிப் பார்ப்பது

தட்டு தானாகப் பழுதடையும் வரை காத்திருந்து செலுத்தியைப் பரிசோதிக்க முடியாது. எனவே பழுதைச் செயற்கையாக உருவாக்குகின்றார்கள். இதற்கு லினக்ஸிலேயே பல கருவிகள் உண்டு.

அவற்றில் ஒன்று ‘ஸ்கசி டிபக்’. இது உண்மையான தட்டு அல்ல. நினைவகத்தின் ஒரு பகுதியை எடுத்துத் தட்டுப்போல நடிக்கும் மென்பொருள். வழமையாக அதன் கொள்ளளவு 8 மெகாபைட் மட்டுமே. ஒரு தெரிவைச் செயற்படுத்தினால், 4,660ஆவது பிரிவை வாசிக்க முயலும் எவருக்கும் “இந்த இடம் பழுதடைந்துவிட்டது” என்று அது பதில் சொல்லும். இன்னொரு தெரிவைக் கொடுத்தால், இத்தனையாவது கட்டளை என்று நாம் குறிப்பிட்டதற்கு அது பதிலே சொல்லாது. இவ்வாறு மௌனத்தையும் செயற்கையாக உருவாக்கலாம். அண்மைய பதிப்புகளில், கட்டளையைக் கைவிடும் முயற்சியையும் மீளமைக்கும் முயற்சியையும் தோற்கச் செய்யும் வசதியும் சேர்க்கப்பட்டிருக்கின்றது. இதனால் மேலே சொன்ன படிமுறையின் ஒவ்வொரு படியையும் தனித்தனியே பரிசோதிக்க முடிகின்றது.

‘டிஎம் ஃபிளேக்கி’ என்பது இன்னொரு கருவி. உண்மையான தட்டொன்றுக்கு முன்னால் இதனை ஒரு திரைபோல வைக்கலாம். குறிப்பிட்ட சில விநாடிகள் தட்டு நன்றாக வேலை செய்யும். அடுத்த சில விநாடிகள் பிழை விடும். மீண்டும் நன்றாக வேலை செய்யும். தளர்ந்த கேபிளின் குணம் இதுதான். எழுதச் சொன்னதை எழுதாமலே “எழுதிவிட்டேன்” என்று பொய் சொல்லுமாறும் இதனைப் பணிக்கலாம். ‘டிஎம் டஸ்ட்’ என்ற கருவி, குறிப்பிட்ட இடங்களில் மட்டும் பழுதை உருவாக்குகின்றது. ‘டிஎம் லொக் ரைட்ஸ்’ தட்டுக்குப் போன எழுத்துகள் யாவற்றையும் வரிசையாகப் பதிவுசெய்து, “இந்த இடத்தில் மின்சாரம் நின்றிருந்தால் தட்டு எப்படி இருந்திருக்கும்” என்று ஒவ்வொரு கட்டத்தையும் பின்னர் மீளக் காட்டுகின்றது.

பரிசோதனை நடக்கும்போது தட்டில் வேலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சும்மா இருக்கும் தட்டை மீளமைப்பதால் எதுவும் தெரியவராது. எனவே, அடையாளம் காணக்கூடிய தரவை இடைவிடாது எழுதிக்கொண்டிருக்கும்போதே, நடுவில் மீளமைப்புக் கட்டளையை அனுப்புகின்றார்கள். ஒருமுறை இருமுறை அல்ல, நூற்றுக்கணக்கான தடவைகள். பின்னர் சில கேள்விகளுக்கு விடை தேடுகின்றார்கள். அனுப்பிய ஒவ்வொரு கட்டளைக்கும் சரியாக ஒரு பதில் வந்ததா? “எழுதிவிட்டேன்” என்று பதில் கிடைத்த ஒவ்வொன்றையும் திரும்ப வாசிக்கும்போது எழுதியபடியே இருக்கின்றதா? எழுத முடியாமற்போனது மேலே இருந்த மென்பொருளுக்கு அறிவிக்கப்பட்டதா? வரையறுத்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்ததா, அல்லது கணினியே உறைந்துவிட்டதா? பக்கத்திலிருந்த நல்ல தட்டுகள் பாதிக்கப்பட்டனவா? நூறாவது மீளமைப்பின் பின்னர் நினைவகம் குறைந்திருக்கின்றதா?

தரவு இழக்கப்பட்டாலே பரிசோதனை தோல்வி என்று இதற்கு அர்த்தம் இல்லை. தட்டு உண்மையிலேயே இறந்துவிட்டால் எந்தச் செலுத்தியாலும் அதனைக் காப்பாற்ற முடியாது. இழப்பு நேர்ந்தபோது அது உரிய இடத்துக்குச் சொல்லப்பட்டதா என்பதே தேர்ச்சிக்கான அளவுகோல்.

இரண்டாம் தடவை கேட்டபோது வந்த பதில்

இந்த அளவுகோலில் தவறியதற்குப் பிரபலமான ஓர் உதாரணம் 2018ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்தது. ‘போஸ்ட்கிரெஸ்’ என்பது உலகெங்கும் பயன்படுத்தப்படும் ஒரு திறந்த மூலத் தரவுத்தளம். அது முக்கியமான தரவை எழுதிய பின்னர் ‘எஃப்சிங்க்’ என்ற அழைப்பின் மூலம் பணிசெயல் முறைமையிடம், “நான் தந்தவை எல்லாம் தட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டனவா?” என்று கேட்கும். பிழை என்று பதில் வந்தால், சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கும். இரண்டாம் தடவை “ஆம்” என்று வந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸில் நடந்ததோ வேறு. தட்டில் எழுத முடியாமற்போன பக்கங்களை, எழுதி முடித்தவைபோல அது குறித்துக்கொண்டது. பிழை ஒருமுறை மட்டும் அறிவிக்கப்பட்டது. சில சூழ்நிலைகளில் அதுவும் கேட்டவரிடம் போய்ச் சேரவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோது, எழுத வேண்டியது எதுவும் நிலுவையில் இல்லை என்பதால் “ஆம், எல்லாம் முடிந்துவிட்டது” என்ற பதில் வந்தது. தரவு தட்டில் இல்லை. ஆனால், இரு தரப்பும் தத்தமது விதிப்படி சரியாகவே நடந்துகொண்டதாக நினைத்தன. ஏறத்தாழ 20 ஆண்டுகளாகத் தரவுத்தளம் அந்த நம்பிக்கையிலேயே இயங்கியிருந்தது.

2019 பெப்ரவரியில் வெளியான போஸ்ட்கிரெஸ் பதிப்புகளில் இது திருத்தப்பட்டது. எஃப்சிங்க் ஒருமுறை தோல்வியடைந்தால், இப்போது தரவுத்தளம் மறுபடி கேட்பதில்லை. உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, தனியாக எழுதி வைத்திருக்கும் குறிப்பேட்டிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் கட்டியெழுப்புகின்றது. பொய்யான “ஆம்” ஒன்றை நம்பித் தொடர்வதிலும் பார்க்க நின்றுவிடுவது பாதுகாப்பானது என்ற முடிவுக்கு அதன் உருவாக்குநர்கள் வந்திருந்தனர். லினக்ஸ் தரப்பிலும் பிழைகளை அறிவிக்கும் முறை மேம்படுத்தப்பட்டது.

தட்டுகளும் பிழையற்ற சாட்சிகள் அல்ல. 2008ஆம் ஆண்டு வெளியான மற்றுமோர் ஆய்வு, 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை 41 மாதங்கள் அவதானித்தது. தட்டு எந்தப் பிழையையும் சொல்லாத நிலையில், சரிபார்ப்புத் தொகை மாறுபட்டிருந்த 4 இலட்சத்துக்கும் அதிகமான சந்தர்ப்பங்கள் அதில் பதிவாகின. 2013ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தினதும் எச்பி நிறுவனத்தினதும் ஆய்வாளர்கள், ஐந்து தயாரிப்பாளர்களின் 15 எஸ்எஸ்டி சாதனங்களில் எழுதும்போதே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தார்கள். 15இல் 13 சாதனங்கள் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டன. சிலவற்றில் தரவு சிதைந்தது. சிலவற்றில் பாதி மட்டுமே எழுதப்பட்டிருந்தது. முற்றாகச் செயலிழந்ததும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில் வாழ்கின்ற எமக்கு, இது எங்கோ நடந்த ஆய்வுகூடப் பரிசோதனை மட்டும் அல்ல.

நாம் செய்யக்கூடியது

செலுத்தியைப் பரிசோதிக்கும் கருவிகள் பொறியியலாளர்களுக்கானவை. ஆனால் அவற்றின் பின்னாலுள்ள பாடங்கள் ஆவணம் வைத்திருக்கும் எவருக்கும் பொருந்தும்.

ஒரு தட்டில் குறிப்பிட்ட கோப்பைத் திறக்கும்போது மட்டும் கணினி அரை நிமிடம் உறைந்து, பின்னர் தொடர்கின்றதென்றால், மேலே சொன்ன காத்திருப்பும் மீளமைப்பும் நடந்துகொண்டிருக்கலாம். வீட்டுப் பாவனைக்கான வன்தட்டுகள் சில, பழுதான இடத்தை வாசிக்க 30 விநாடிகளுக்கும் அதிகமாக முயன்றுகொண்டிருக்கும். தட்டு முயன்றுகொண்டிருக்கும்போதே செலுத்தி பொறுமையிழந்து அதனை மீளமைத்துவிடும். இந்த அறிகுறி தென்பட்டால் அந்தத் தட்டில் புதிதாக எதையும் எழுத வேண்டாம். கேபிளையும் மின் இணைப்பையும் மாற்றிப் பாருங்கள். அதன் பின்னர், மிக முக்கியமான கோப்புகளை முதலில் வேறு தட்டுக்குப் பிரதியெடுங்கள். தட்டிலிருந்து டிக் டிக் என்று வழமைக்கு மாறான சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பது நல்லது. “தட்டைச் சரிசெய்யவா?” என்று கணினி கேட்டாலும், பிரதியெடுக்கும் முன் “ஆம்” என்று சொல்லாதீர்கள், அந்தத் திருத்தம் தட்டில் எழுதுகின்றது.

பென் டிரைவையும் வெளிப்புற வன்தட்டையும் கழற்றும் முன்னர், பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். நினைவகத்தில் காத்திருக்கும் எழுத்துகள் தட்டுக்குப் போய்ச் சேர்வதை உறுதிப்படுத்தும் வழி அதுதான். மேசைக்கணினியில் ஆவணங்களைச் சேமிக்கும் அமைப்புகள் சிறிய யூபிஎஸ் ஒன்றையாவது வைத்திருப்பது அவசியம்.

பிரதியெடுத்து முடிந்த பின்னர், கழற்றி மீண்டும் இணைத்து, சில கோப்புகளைப் பிரதியிலிருந்தே திறந்து பாருங்கள். உடனே திறந்தால் கணினி தட்டை வாசிக்காமல் நினைவகத்தில் இருப்பதையே காட்டக்கூடும். பெரிய தொகுப்புகளை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்புத் தொகையைக் கணித்து எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தட்டு மௌனமாகக் கெடுத்துவிட்ட கோப்பை அவ்வாறுதான் கண்டுபிடிக்க முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பிரதி போதாது. குறைந்தது மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்பது ஆவணக்காப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் நடைமுறை. வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ இருக்கின்ற நம்பகமான உறவினரிடம் ஒரு பிரதி இருப்பது நல்லது. ஆனால், வாக்குமூலம் போன்ற பாதுகாப்புச் சார்ந்த ஆவணங்களை அவ்வாறு கொடுக்கும்போது கடவுச்சொல்லிட்டுப் பூட்டியே கொடுக்க வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை நம்பகமான இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இப்போது ஒரே ஒரு தட்டில் மட்டும் இருக்கின்ற ஆவணங்கள் எவை என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். இந்த வாரம் அவற்றிலிருந்தே ஆரம்பிக்கலாம்.